மண்ணில் பாதரசம் 20 மில்லிகிராம்: அதிகமா, குறைவா?

மூடிக் கிடக்கும் ஓர் ஆலையைச் சுற்றியுள்ள மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தால், மறுநாள் செய்தி இரண்டில் ஒரு விதமாகத்தான் வரும். "அனுமதிக்கப்பட்ட அளவைவிட ஐந்து மடங்கு நச்சு" என்று ஒரு தரப்பு சொல்லும். "எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது, மக்கள் அச்சப்பட வேண்டாம்" என்று இன்னொரு தரப்பு சொல்லும். இருவர் கையிலும் இருப்பது ஒரே ஆய்வக அறிக்கையாகக்கூட இருக்கலாம். யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒப்பிட எடுத்துக்கொண்ட எண்தான் வேறு.

அப்படி ஒப்பிட எடுத்துக்கொள்ளும் எண்ணுக்கு ஸ்கிரீனிங் அளவு என்று பெயர். மாசடைந்த நிலம் பற்றிய விவாதங்களில் அதிகம் திரிக்கப்படுவதும், குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வேதியியல் பட்டம் இல்லாதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் அலகைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மண்ணில் உள்ள நச்சை ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். 20 மி.கி. என்றால் ஒரு டன் மண்ணில் 20 கிராம். இந்தக் கட்டுரையில் இனி 'மி.கி.' என்று நான் எழுதும் மண் அளவுகள் எல்லாம் ஒரு கிலோ மண்ணுக்கானவை.

## சர்க்கரை முகாம் செய்யும் வேலை

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாமை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் ஊசி, ஒரு சொட்டு ரத்தம், கருவியில் ஓர் எண். 140க்கு மேல் இருந்தால் "மருத்துவமனைக்கு வந்து வெறும் வயிற்றில் ஒரு முறை பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். குறைவாக இருந்தால் அனுப்பிவிடுவார்கள்.

140ஐத் தாண்டிய எல்லோருக்கும் நீரிழிவு நோய் இருக்கிறது என்று அந்த முகாம் சொல்லவில்லை. அரை மணி நேரத்துக்கு முன் ஒருவர் கேசரி சாப்பிட்டிருக்கலாம். முகாம் செய்வது தரம் பிரிக்கும் வேலை மட்டும். யாரை மேலும் பார்க்க வேண்டும், யாருக்கு இப்போதைக்குத் தேவையில்லை என்பதுதான் அங்கே கேள்வி.

ஸ்கிரீனிங் அளவு மண்ணுக்குச் செய்வதும் அதேதான். ஒரு நிலத்தில் எடுத்த மாதிரிகள் அந்த அளவுக்குக் கீழே இருந்தால், அந்தக் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு, அந்த ஒரு நச்சைப் பொறுத்தவரை மேலும் செலவழித்து ஆராயத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே இருந்தால் நிலத்துக்கே போய் நுணுக்கமாக ஆராய வேண்டும். அளவைத் தாண்டிவிட்டது என்பது தீர்ப்பு ஆகாது, விசாரணையின் தொடக்கம்.

இந்த எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் சண்டை தொடங்குகிறது. கோட்டைக் கீழே இறக்கினால் ஆபத்து இல்லாத நிலங்களும் மாட்டிக்கொள்ளும். மேலே ஏற்றினால் ஆபத்தான நிலங்கள் தப்பித்துவிடும். இரண்டு தவறும் இல்லாத கோடு கிடையாது. இரண்டில் எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

இந்த ஒப்புமை இதுவரைதான் வரும். சர்க்கரை முகாமில் உங்கள் ரத்தத்தையே பார்க்கிறார்கள். மண்ணில் அப்படியில்லை. அந்த நிலத்தில் வாழப்போவதாகக் கற்பனை செய்த ஒரு மனிதரின் உடலுக்குள் எவ்வளவு நச்சு போகும் என்று கணக்குப் போட்டு, அதிலிருந்து பின்னோக்கி வந்து மண்ணுக்கு ஓர் எண்ணைத் தருகிறார்கள்.

## மண்ணிலிருந்து உடலுக்கு

நச்சு மண்ணில் இருப்பதாலேயே யாருக்கும் நோய் வருவதில்லை. அது உடலுக்குள் போக ஒரு வழி வேண்டும். நச்சு இருக்கும் இடம், அது பயணிக்கும் வழி, போய்ச் சேரும் உயிர் ஆகிய மூன்றும் ஒரு சங்கிலியாகச் சேர வேண்டும். துறையில் இவற்றை மூலம், வழி, பெறுநர் என்பார்கள். மூன்றில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த ஆபத்து நின்றுவிடும். ஓர் அடி தடிமனுள்ள கான்கிரீட் தளத்துக்கு அடியில் இருக்கும் காரீயத்தைக் குழந்தை தொட முடியாது. ஆனால் அதே தளத்துக்கு அடியில் ஆவியாகக்கூடிய நச்சு இருந்தால் தளத்தின் விரிசல் வழியே வீட்டுக்குள் வந்துவிடும். மழைநீரோடு கிணற்றுக்கும் இறங்கலாம். ஒரு வழியை அடைத்தால் மற்ற வழிகளும் அடைபட்டுவிட்டதாக அர்த்தமில்லை.

மண் உடலுக்குள் போகும் வழிகளில் முதன்மையானது வாய். சிறு குழந்தை தரையில் தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது, கீழே விழுந்ததை எடுத்துத் தின்கிறது. வீட்டுக்குள் வந்து படியும் தூசியிலும் கணிசமான பங்கு வெளி மண்தான். அதனால்தான் குடியிருப்பு நிலத்துக்கான கணக்குகள் பெரும்பாலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை மையமாக வைத்துப் போடப்படுகின்றன. குழந்தையின் எடை குறைவு, வாயில் போகும் மண் அதிகம்.

## கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பாதரச உப்புகளுக்கு என்ன எண் தருகிறது, அது எப்படி வருகிறது என்று பார்க்கலாம். ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் இடம் தாங்கு அளவு. நீண்ட காலம் நாள்தோறும் உடலுக்குள் போனாலும் பாதிப்பு வராது என்று எதிர்பார்க்கப்படும் அளவுதான் அது. பாதரச உப்புக்கு இது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 0.0003 மில்லிகிராம். இந்த எண் எலிகளிடமிருந்து வந்தது. எலிகளின் சிறுநீரகத்தில் பாதிப்பை உண்டாக்கிய அளவுகளை எடுத்து, எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு, மனிதருக்குள்ளேயே உள்ள வேறுபாடு, ஆய்வில் உள்ள போதாமை ஆகியவற்றுக்காக 1000ஆல் வகுத்திருக்கிறார்கள்.

குழந்தையின் எடை 15 கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் அந்தக் குழந்தை ஒரு நாளில் தாங்கக்கூடியது 0.0003 × 15, அதாவது 0.0045 மில்லிகிராம்.

குழந்தை ஒரு நாளில் விழுங்கும் மண்ணும் தூசியும் 200 மில்லிகிராம் என்று கொள்கிறார்கள். ஒரு சிட்டிகைக்கும் குறைவு. கிலோவில் சொன்னால் 0.0002.

இப்போது 0.0045ஐ 0.0002ஆல் வகுத்தால் 22.5 வருகிறது. ஆண்டில் 350 நாள்தான் குழந்தை அந்த வீட்டில் இருக்கும், மீதி 15 நாள் வெளியூர் என்று ஒரு சிறு திருத்தம் செய்கிறார்கள். 22.5ஐ 365ஆல் பெருக்கி 350ஆல் வகுத்தால் 23.46. முகமையின் அட்டவணையைத் திறந்து பார்த்தால் குடியிருப்பு மண்ணில் பாதரச உப்புக்கு எழுதியிருப்பது 23 மி.கி.

இவ்வளவுதான் அந்த எண்ணின் ரகசியம். பல்கலைக்கழகப் பூட்டுக்குள் இருக்கும் வித்தை இல்லை. இதை மக்களுக்குச் சொல்லாமல் 'சர்வதேசத் தரம்' என்று மட்டும் சொல்லி வாயடைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி ஊகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். குழந்தை விழுங்கும் மண் 200 அல்ல, 100 மில்லிகிராம்தான் என்று சொன்னால் விடை 47 ஆகிவிடும். பிரிட்டனின் கணக்கு முறை ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அந்த 100ஐத்தான் வைத்திருக்கிறது. இன்னொருவர் வேறு விதமாகக் கேட்கலாம்: "குழந்தை மீன் வழியாகவும் பாதரசத்தைப் பெறுகிறதே, தாங்கு அளவு முழுவதையும் மண்ணுக்கே எப்படிக் கொடுக்கலாம்? பத்தில் ஒரு பங்கு மட்டும் கொடுங்கள்." நியாயமான கேள்வி. உடனே விடை 2.3 ஆகிவிடுகிறது.

நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால் வேறுபாடு இன்னும் பெரிது. தொழிற்சாலை வளாகம், குழந்தைகள் இல்லை, 80 கிலோ எடையுள்ள தொழிலாளி ஆண்டுக்கு 250 நாள் வருகிறார், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் மண் விழுங்குகிறார் என்றால் விடை 350 மி.கி. ஆலை நிலமாக இருந்தபோது எந்தக் கேள்வியும் எழாத மண், மனை போட்டு விற்கும் அன்று பதினைந்து மடங்கு கடுமையான கோட்டை எதிர்கொள்கிறது. மண் மாறவில்லை, அதில் வாழப்போகிறவர் மாறிவிட்டார். பழைய ஆலை வளாகத்தில் மனை வாங்கும் எவரும் இந்த ஓர் இடத்தையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கமாக: ஸ்கிரீனிங் அளவு ஒரு வகுத்தல் கணக்கின் விடை. மேலே தாங்கு அளவு, கீழே குழந்தை விழுங்கும் மண். இரண்டிலும் ஊகங்கள் இருக்கின்றன. ஊகம் மாறினால் எண்ணும் மாறும்.

## ஒரே உலோகம், மூன்று எண்கள்

பாதரசம் என்று பொதுவாகச் சொன்னாலும் மண்ணில் அது ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. தெர்மாமீட்டரில் இருக்கும் வெள்ளி நிறத் திரவம் தூய உலோகம், அது ஆவியாகும். மண்ணில் பிற தனிமங்களுடன் சேர்ந்து உப்பாக மாறும்போது ஆவியாவது வெகுவாகக் குறைந்துவிடும். ஆற்று வண்டலிலும் சேற்றிலும் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் ஆக்கும். மீன்களில் சேர்ந்து, பெரிய மீன் சிறிய மீனைத் தின்னத் தின்ன அடர்த்தி கூடிக்கொண்டே போகும் வடிவம் இதுதான்.

2009இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை குடியிருப்பு நிலத்துக்கு வெளியிட்ட வழிகாட்டு அளவுகளைப் பாருங்கள். தூய உலோகப் பாதரசம் 1 மி.கி., மெத்தில் பாதரசம் 11 மி.கி., பாதரச உப்பு 170 மி.கி. ஒரே தனிமத்துக்கு, ஒரே நாட்டில், ஒரே பயன்பாட்டுக்கு 170 மடங்கு வேறுபாடு.

அமெரிக்காவில் அதே தூய பாதரசத்துக்கு 11 மி.கி. இங்கிலாந்தின் 1 எங்கே, அமெரிக்காவின் 11 எங்கே? அமெரிக்க அட்டவணை திறந்த வெளியில் ஆவி கலைந்துபோவதை மட்டும் கணக்கில் எடுக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் ஆவி புகுவதை அங்கே தனியாக ஆராய்வார்கள். இங்கிலாந்தின் கணக்கிலோ மண்ணுக்கு மேலே கட்டிய வீடும் சேர்ந்தே இருக்கிறது. குளிருக்குச் சன்னலை மூடிக்கொண்டு வாழும் குழந்தை அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. கனடாவின் அட்டவணையில் கனிமப் பாதரசத்துக்கு (மெத்தில் பாதரசம் போன்ற கரிம வடிவம் அல்லாததற்கு) குடியிருப்பு அளவு 6.6 மி.கி., தொழிற்சாலை நிலத்துக்கு 50 மி.கி.

"வெளிநாட்டில் 1 மி.கி.தான் அனுமதி" என்று ஒருவரும், "வெளிநாட்டில் 170 வரை விடுகிறார்கள்" என்று இன்னொருவரும் மேடையில் பேசினால் இருவரும் ஒரே ஆவணத்தைக் காட்ட முடியும். எந்த வடிவப் பாதரசம், எந்த வழி என்று கேட்காதவரை அந்தப் பேச்சுக்குப் பொருளே இல்லை.

## பிரிட்டனில் நடந்த சண்டை

இந்தக் கோட்டை எங்கே போடுவது என்ற விவாதம் மிகத் திறந்த முறையில் நடந்த நாடு பிரிட்டன். அங்கே 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் மாசடைந்த நிலத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. 2000இல் அது இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நிலத்தை மாசடைந்த நிலம் என்று உள்ளாட்சி மன்றம் அறிவித்தால் மாசுபடுத்தியவர் சுத்தம் செய்ய வேண்டும். அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தப் பொறுப்பு இப்போதைய வீட்டு உரிமையாளர் தலையிலேயே விழலாம்.

2009 வாக்கில் வந்த வழிகாட்டு அளவுகள் மிகக் குறைந்த ஆபத்து என்ற நிலையை அடிப்படையாகக் கொண்டவை. அதாவது, இதற்குக் கீழே கவலைப்படவே வேண்டாம் என்ற கோடு. நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் நிலக்கரி எரித்த நகரங்களில் அந்தக் கோடு பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது. கரிப்புகையில் இருக்கும் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்க் காரணி அந்நகரங்களின் சாதாரணத் தோட்ட மண்ணிலேயே இருக்கிறது. ஆலோசகர்கள் அதற்குப் பயன்படுத்திய அளவு 1 மி.கி.க்கும் கீழே இருந்ததால் ஊரில் பல தோட்டங்கள் அளவைத் தாண்டின. அளவைத் தாண்டியதையே ஆபத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டு மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி வேறு இடத்தில் கொட்டினார்கள். வீடு விற்க முடியாமல் மக்கள் திண்டாடினார்கள்.

2012இல் அரசு வழிகாட்டு விதிகளைத் திருத்தி நிலங்களை நான்கு வகையாகப் பிரித்தது. முதல் வகை, ஏற்கவே முடியாத ஆபத்து. நான்காவது, ஆபத்து இல்லை அல்லது குறைவு. நான்காம் வகையின் மேல் எல்லையைக் காட்டுவதற்குப் புதிய ஸ்கிரீனிங் அளவுகளை உருவாக்கினார்கள். ஆர்செனிக், பென்சீன், பென்சோபைரீன், காட்மியம், ஆறிணைதிறன் குரோமியம், காரீயம் ஆகிய ஆறு நச்சுகளுக்கு அவை வந்தன. அவற்றின் அடிப்படை 'மிகக் குறைந்த ஆபத்து' இல்லை, 'குறைந்த ஆபத்து'. பென்சோபைரீனுக்கு இப்போது 5 மி.கி.

எதிர்ப்பு வந்தது. ஏற்கெனவே மக்கள் வாழும் வீட்டை அரசு தலையிட்டுத் தோண்டலாமா என்ற கேள்விக்கு 'குறைந்த ஆபத்து' என்ற கோடு பொருந்தலாம். ஆனால் புதிதாக வீடு கட்டி விற்பவர்களும் அதே தளர்ந்த கோட்டைப் பயன்படுத்தலாம் என்று அரசு சொன்னபோது துறையில் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. புது வீடு வாங்குகிறவருக்கு மிகச் சுத்தமான மண்ணைக் கேட்கும் உரிமை இல்லையா என்று கேட்டார்கள். 2015இல் பழைய 'மிகக் குறைந்த ஆபத்து' அடிப்படையிலேயே இன்னொரு தொகுப்பு அளவுகள் வெளிவந்தன. இன்றும் இரண்டும் அங்கே புழக்கத்தில் இருக்கின்றன.

இதில் நான் எதிர்ப்பாளர்கள் பக்கம். இருக்கும் வீட்டைத் தோண்டினால் அந்தக் குடும்பத்துக்கு உண்டாகும் இழப்பு உடனடியானது, நிச்சயமானது. புதிதாகக் கட்டுபவர் அப்படி எதையும் இழப்பதில்லை. அவர் லாபத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இரண்டு நிலைமைக்கும் ஒரே கோடு போடுவது நியாயம் ஆகாது.

## காரீயம்: தாங்கு அளவே இல்லாதபோது

புதிய அளவுகள் எல்லாமே தளர்வானவை என்று சொன்னால் அதுவும் தவறு. காரீயத்துக்கு நேர்மாறாக நடந்தது. காய்கறி வளர்க்கும் தோட்டத்தோடு கூடிய வீட்டுக்கு முன்பு 450 மி.கி. ஆக இருந்த அளவு புதிய தொகுப்பில் 200 ஆகக் குறைந்தது. அமெரிக்காவும் பல ஆண்டுகள் 400 வைத்திருந்து 2024இல் 200க்கு இறங்கியது. கலிபோர்னியா மாநிலம் 2009இலேயே 80க்குப் போய்விட்டது.

காரணம், காரீயத்துக்குத் தாங்கு அளவு என்று ஒன்றைச் சொல்ல அறிவியலால் முடியவில்லை. குழந்தையின் மூளை வளர்ச்சியை அது எவ்வளவு குறைந்த அளவிலும் பாதிக்கிறது. அமெரிக்காவில் குழந்தையின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 10 மைக்ரோகிராம் காரீயம் என்பது நெடுங்காலம் கவலைக்குரிய எல்லையாக இருந்தது. 2012இல் அது 5 ஆயிற்று, 2021இல் 3.5 ஆயிற்று. ரத்தத்துக்கான எண் இறங்கினால் மண்ணுக்கான எண்ணும் இறங்கத்தான் வேண்டும்.

கலிபோர்னியாவின் 80க்குப் பின்னால் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. எந்த அளவு பாதுகாப்பானது என்று அவர்கள் கேட்கவில்லை. மண் காரணமாகக் குழந்தையின் ரத்தத்தில் கூடுதலாக 1 மைக்ரோகிராமுக்கு மேல் ஏறக் கூடாது என்று முடிவு செய்து அங்கிருந்து கணக்குப் போட்டார்கள். எவ்வளவு கூடுதல் தீங்கை ஒரு சமுதாயம் ஏற்றுக்கொள்ளும் என்று அறிவியலால் சொல்ல முடியாது. அது பொதுவில் பேசி முடிவு செய்ய வேண்டியது. ஸ்கிரீனிங் அளவு பற்றிய விவாதத்தில் பெரும்பகுதி அறிவியல் வேடம் போட்ட இந்தக் கேள்விதான் என்று நான் நினைக்கிறேன்.

## கொடைக்கானல்: கோடு இலக்காக மாறும்போது

நமக்கு நெருக்கமான கதை கொடைக்கானலுடையது. அங்கே ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவுகள் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊர் மக்களும் சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டுவந்த பிறகு நடந்தது அது. 2003இல் கழிவுகளில் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கு மறுசுழற்சிக்குப் போயிற்று. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் 2016இல் உடன்பாடு செய்துகொண்டது. மண் மட்டும் அங்கேயே இருந்தது.

மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது? தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்ட இலக்கு 20 மி.கி. நாம் மேலே போட்ட கணக்கில் வந்த 23க்குப் பக்கத்து எண் அது. குடியிருப்புத் தரத்துக்கே சுத்தம் செய்யப்போகிறோம் என்பது நிறுவனத்தின் வாதம். இங்கிலாந்தில் 1 மி.கி. இருக்கும்போது இங்கே 20 மடங்கு தளர்வு ஏன் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

இதுவரை வந்த வாசகருக்கு இரண்டு வாதங்களையும் சீர்தூக்க முடியும். இங்கிலாந்தின் 1 தூய உலோகப் பாதரசத்துக்கானது, மேலே வீடு இருப்பதாகக் கொண்டது. கொடைக்கானல் ஆலையில் கையாண்டது தூய பாதரசம்தான். ஆனால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் ஒரு பங்கு வடிவம் மாறி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து பார்க்காமல் 1 பொருந்துமா 170 பொருந்துமா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

என் பார்வையில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் போட்ட வகுத்தல் கணக்கைத் திரும்பப் பாருங்கள். அதில் ஒரு குழந்தை இருக்கிறது, அது விழுங்கும் மண் இருக்கிறது. மீன் எங்கே? ஆலை நிலம் பாம்பார் சோலைக்காட்டை ஒட்டிய சரிவில் இருக்கிறது. மழைக்காலத்தில் மண் அரித்து ஓடைக்கு இறங்கும், ஓடை கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்கு இறங்கும். வண்டலில் மெத்தில் பாதரசமாகி மீனில் சேரும் வழி அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. குழந்தைக்கு 20 சரியாகவே இருந்தாலும் மலைச்சரிவுக்கும் நீரோடைக்கும் அது சரி என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது. 23ஐத் தரும் அமெரிக்க முகமையே தன் ஸ்கிரீனிங் அளவுகளைச் சுத்தம் செய்யும் தரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. சுத்தம் செய்யும் இலக்கு என்பது ஸ்கிரீனிங்குக்குப் பிறகு, அந்த நிலத்தின் சரிவு, மழை, நீரோட்டம், சுற்றி வாழும் உயிர்கள் எல்லாவற்றையும் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டியது. சில இடங்களில் அது ஸ்கிரீனிங் அளவைவிட அதிகமாக இருக்கலாம். சோலைக்காட்டின் ஓரத்தில் அது வெகுவாகக் குறைய வேண்டும் என்பதே என் கருத்து.

இதுவரை: கோட்டுக்குக் கீழே இருந்தால், கணக்கில் எடுத்துக்கொண்ட வழிகளுக்கு மட்டும் பதில் கிடைத்திருக்கிறது. கணக்கில் இல்லாத வழியைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

## அறிக்கையைப் படிக்கும்போது

சில குழப்பங்களை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரு நிலத்தில் பத்து இடத்தில் எடுத்த மண்ணின் சராசரி கோட்டுக்குக் கீழே இருக்கலாம், ஒரே மூலையில் மட்டும் நச்சு குவிந்து கிடக்கலாம். அந்த மூலையில்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்றால் சராசரியால் பயனில்லை. மாதிரி எடுத்த ஆழமும் முக்கியம். மேல் மண்ணை மாற்றிவிட்டு மேல் மண்ணையே பரிசோதித்தால் கீழே இருப்பது தெரியாது.

மண்ணில் இருக்கும் நச்சு முழுவதும் உடலில் சேர்ந்துவிடுவதும் இல்லை. பாறைத் துகளில் பூட்டிக்கிடக்கும் ஆர்செனிக்கில் ஒரு பங்கு ரத்தத்தில் கலக்காமலே வெளியேறிவிடும். அதனால்தான் அமெரிக்காவில் மண் ஆர்செனிக்குக்கு 60 சதவீதம் என்று ஒரு பொதுத் திருத்தம் வைத்திருக்கிறார்கள். இது அளவைத் தளர்த்தும் திருத்தம் என்பதையும் கவனியுங்கள். நுணுக்கமான ஆய்வு எப்போதும் ஒரே திசையில் போகாது.

இந்தியாவில் 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த தளங்கள் மேலாண்மைக்கென்று முதன்முறையாகத் தனி விதிகளை அறிவித்தது. அதில் ஸ்கிரீனிங் அளவு, நடவடிக்கை அளவு என்று இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. முதலாவதைத் தாண்டினால் ஆராய வேண்டும், இரண்டாவதைத் தாண்டினால் செயலில் இறங்க வேண்டும். இரண்டையும் பிரித்து வைத்தது நல்ல தொடக்கம். சுரங்கப் பணியால் வரும் மாசையும் குப்பைக் கிடங்குகளையும் வெளியே விட்டதை நான் ஏற்கவில்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது, இந்த எண்களுக்குள் இருக்கும் குழந்தை யார் என்பது. 200 மில்லிகிராம் மண் என்பது அமெரிக்கக் குழந்தையை மனதில் வைத்துப் போட்ட ஊகம். செருப்பில்லாமல் தெருவில் விளையாடி, மண் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, முற்றத்தில் பாய் விரித்துத் தூங்கும் குழந்தை எவ்வளவு விழுங்கும்? அந்தக் குழந்தையின் எடை 15 கிலோவா, 11 கிலோவா? 11 கிலோ எடையும் 400 மில்லிகிராம் மண்ணும் போட்டு அதே கணக்கைச் செய்து பாருங்கள். 23 இருந்த இடத்தில் 8.6 வரும். இந்த எடையும் மண்ணும் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. நம் குழந்தைகளுக்கான உண்மையான எண்களை அளந்து வெளியிட வேண்டியது அரசின் கடமை.

உங்கள் ஊரில் ஒரு நிலம் 'வரம்புக்குள் இருக்கிறது' என்று அறிவிக்கப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு கொடுக்கலாம். முடிவு எண்ணை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பயன்பாட்டுக்கான அளவோடு ஒப்பிட்டார்கள், நச்சு எந்த வடிவத்தில் இருந்தது, மாதிரி எடுத்த இடங்களின் வரைபடமும் ஆழமும் என்ன, குழந்தையின் எடைக்கும் மண்ணுக்கும் என்ன எண் போட்டார்கள், கிணறும் ஓடையும் கணக்கில் இருந்தனவா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கணக்குத் தாளின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். வந்ததும் வகுத்தலை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.